இளம் ரோஸ் என்றார் குற்றாலநாதன்

சங்கரன்கோவில் ரத வீதியில், இரண்டு பெண்கள் உள்ளே நின்றால் மூன்றாவது பெண் தெருவில் நிற்க வேண்டிய அகலத்தில் ஒரு கடை இருக்கிறது. பலகையில் என்னவோ 'கோமதி மேட்சிங் சென்டர்' என்றுதான் எழுதியிருக்கிறது. ஊரில் யாரும் அதைப் படிப்பதில்லை. "குற்றாலநாதன் அண்ணாச்சி கடைக்குப் போயிட்டு வாரேன்" என்று ஒருத்தி கிளம்பினால், சேலைக்கு ஜாக்கெட் துணி எடுக்கப் போகிறாள் என்று அர்த்தம். ஜாக்கெட் துணி, லைனிங், ஃபால்ஸ், உள்பாவாடை. இவற்றைத் தவிர வேறு எதையும் அவர் விற்றதில்லை. கைக்குட்டை கேட்டு வந்தவரைக்கூட எதிர்க்கடைக்கு அனுப்பிவிடுவார்.

அவருக்குக் கலர் தெரியும். இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. மற்ற கடைக்காரருக்குப் பச்சை என்றால் கிளிப்பச்சை, பாசிப்பச்சை என்று ஐந்தாறு தேறும். குற்றாலநாதனிடம் பச்சை ஒரு முழு அலமாரி. பெண்கள் வந்து கேட்கிற விதமும் அதற்கேற்ற மாதிரிதான் இருக்கும். "அண்ணாச்சி, எங்க வீட்டு மாடிப்படி கலர்ல ஒரு மீட்டர் வெட்டுங்க" என்பாள் ஒருத்தி. அவள் வீட்டு மாடிப்படியை அவர் எப்போதோ பார்த்திருப்பார். பார்த்தால் மறக்க மாட்டார். ரோஸில் மட்டும் ராணி, தாமரை, பஞ்சுமிட்டாய், வெங்காயத்தோல், பல் ஈறு என்று பிரித்து அடுக்கி வைத்திருந்தார். பல் ஈறு என்பது அவரே வைத்த பெயர். அப்படிச் சொன்னால் ஒருத்தியும் வாங்க மாட்டாள் என்பதால், வாடிக்கைக்காரர்களிடம் அதை 'இளம் ரோஸ்' என்று சொல்லுவார்.

அவருக்கு ஜென்ம விரோதி ஒன்று உண்டென்றால் அது டியூப் லைட். "லைட்டு பொய் சொல்லும் தாயி" என்று ஒரு கையில் சேலை முந்தியையும் மறு கையில் துணியையும் பிடித்துக்கொண்டு படியிறங்கி நடுத்தெருவுக்குப் போய்விடுவார். சேலைக்குள் இருக்கிற பெண்ணும் கூடவே போக வேண்டும், வேறு வழியில்லை. வெயிலில் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஆட்டோக்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போகும். திருவேங்கடம் போகிற டவுன் பஸ் நின்று, டிரைவர் தலையை நீட்டி, "அண்ணாச்சி, மேட்ச் ஆயிட்டா? போலாமா?" என்று கேட்பார். ஆகியிருக்காது. "ஒரு நூல் டல்லு" என்று சொல்லிக்கொண்டே மறுபடி கடைக்குள் ஏறுவார். பஸ் அதற்குப் பிறகுதான் போகும்.

இப்படிப்பட்ட மனிதரைக் கூட்டிக்கொண்டு நாலு இடத்துக்குப் போக முடியாது. ஒரு கல்யாணத்தில் மேடையேறி மொய்க்கவரை நீட்டினவர், மணப்பெண்ணின் ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டு, "ஒரு நூல் டல்லு" என்று மைக் பக்கத்தில் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு துஷ்டி வீட்டில், இறந்தவர்மேல் போர்த்தியிருந்த பட்டு இரண்டு முனையிலும் இரண்டு சாயமாக இருப்பதை மூத்த மகனிடம் துக்கத்தோடு தெரிவித்தார். அதிலிருந்து எங்கே போனாலும் அவர் மனைவி மீனலோசினி அவர் இடது கைப்பக்கமாகவே உட்காருவாள். வாய் திறக்கிற நேரம் பார்த்து ஒரு கிள்ளு.

மீனலோசினி பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். அங்கே பிள்ளைகளிடமும் அரிசி மூட்டைகளிடமும் கத்திவிட்டு வருவதால் வீட்டில் அதிகம் பேச மாட்டாள். ஆனால் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொண்டிருப்பாள். குற்றாலநாதனுக்கு அது போதும்.

அன்றைக்கு அவர் சொல்ல விஷயமும் இருந்தது. கடையநல்லூரிலிருந்து ஷிரின் பானு என்ற பெண், தங்கச்சி நிக்காஹ்வுக்குத் துணி எடுக்க வந்திருந்தாள். பத்து வருஷத்துக்கு முன்பு தன் நிக்காஹ்வுக்கு வந்தவள், அதற்குப் பிறகு இப்போதுதான் வருகிறாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே குற்றாலநாதன், "அன்னைக்கு மயில்கழுத்துல ஆரஞ்சு பார்டர் கொண்டு வந்திய, இல்லையா?" என்றார். அவள் அசந்துபோய், "யா அல்லாஹ்! எங்க மாப்பிள்ளைக்கே அது ஞாபகம் இருக்காதே அண்ணாச்சி!" என்றாள்.

இந்த ஒரு வாக்கியத்தை அவர் வீட்டுக்குக் கொண்டு வந்து, தோசைக்குத் தொட்டுக்கொள்கிற மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னார். "அவ வீட்டுக்காரனுக்கே ஞாபகம் இல்லையாம்ட்டி. எனக்கு ஞாபகம் இருக்கு!" முதல் தோசைக்கு ஒரு தடவை, இரண்டாவது தோசைக்கு ஒரு தடவை. மூன்றாவது தோசை கல்லில் கிடக்கும்போது மீனலோசினி திரும்பிப் பார்த்தாள்.

"சரி. என்னைய பொண்ணு பாக்க வந்தன்னைக்கு நான் என்ன கலர் சேலை கட்டியிருந்தேன்?"

வாயில் போட்ட தோசை வாயிலேயே நின்றது. குற்றாலநாதன் மண்டைக்குள் தேடினார். அங்கே இந்தத் தாலுகாப் பெண்கள் அத்தனை பேருடைய சேலையும் மடித்து அடுக்கியிருந்தது. இவளுடையது மட்டும் இல்லை. ஒன்றுமே இல்லை. காலி அலமாரி. அன்று முழுக்க ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு மீட்டர் மீட்டராக வெட்டிக் கொடுத்திருந்த துணியின் கலர்தான் நாக்கில் நின்றது.

"இளம் ரோஸ்" என்றார்.

கல்லில் தோசை கருகியது. மீனலோசினி அதைக் கவனிக்கவே இல்லை.

"இளம் ரோஸா?"

"பின்னே? இளம் ரோஸ்தான். என்கிட்டயே கேக்கியா?"

"அப்படியா" என்றாள். கருகின தோசையைச் சுரண்டி எறிந்துவிட்டு அடுத்த தோசையை ஊற்றி, அதன்மேல் ஒரு கரண்டி நெய்யை விட்டாள். அந்த வீட்டில் தீபாவளிக்கும் ஆடித்தபசுக்கும் மட்டும்தான் தோசையில் நெய் விழும். குற்றாலநாதன் பயந்துகொண்டே அதைத் தின்றார்.

மறுநாள் மீனலோசினி அடுப்படியில் பாடினாள். அதற்கு மறுநாள் சத்துணவுக் கூடத்துப் பெண்களுக்கெல்லாம் விஷயம் தெரிந்துவிட்டது. "உங்களுக்கு அம்புட்டுப் பிரியமாம்லா டீச்சர் மேல" என்று கடைக்கு வந்த ஆயா ஒருத்தி முகத்தைப் பார்த்துச் சொன்னாள். குற்றாலநாதன் அவளுக்கு அரை மீட்டர் கூடுதலாக வெட்டிவிட்டார்.

விஷயம் அதோடு நின்றிருக்கும். ஆனால் மீனலோசினி போட்டிருந்த நகைச்சீட்டு அந்த மாதம்தான் முடிந்தது. செயின் எடுப்பதாக இருந்தவள் திடீரென்று மனசை மாற்றிக்கொண்டாள்.

"செயின் வேண்டாம். ஒரு மோதிரம் எடுப்போம். அந்தச் சேலைக் கலர்லயே கல்லு வச்சு. நீங்கதான் கலர் பாத்து எடுத்துத் தரணும். எனக்குத் தெரியும், நான் வாயத் தெறக்க மாட்டேன்."

கடைசியாகச் சொன்ன அந்த 'எனக்குத் தெரியும்' குற்றாலநாதன் காதிலேயே நின்றது. இவளுக்கு அந்தக் கலர் தெரியும். தெரிந்துகொண்டே சோதிக்கிறாள். அன்றைக்கு அவள் நீலம் கட்டியிருந்தால் என்ன ஆவது? ரோஸே கட்டியிருந்தாலும் எந்த ரோஸ்? ஜாக்கெட் துணி என்றால் மாற்றிக் கொடுத்துவிடலாம். மோதிரம் விரலிலேயே கிடக்கும். ஊர்ப் பெண்கள் சேலையெல்லாம் ஞாபகம் வைத்திருக்கிற மனுஷனுக்குக் கட்டின பெண்டாட்டியின் சேலை ஞாபகம் இல்லை என்று ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டே கிடக்கும். அவருக்கு மீனலோசினி மீது பிரியம் இல்லாமல் இல்லை. நிறையவே இருந்தது. அதை நிரூபிக்க இப்போது ஒரு கலர் வேண்டியிருந்தது, அதுதான் கையில் இல்லை.

கடையில் உட்கார்ந்து அந்த நாளை ஓட்டிப் பார்த்தார். திருவேங்கடத்தில் மாமனார் வீடு. வாசல் நிலைக்குப் பாசிப்பச்சையில் திரை தொங்கியது, வெயில் பட்டு வலது ஓரம் வெளுத்திருந்தது. தெளிவாக ஞாபகம் இருக்கிறது. மச்சான் போட்டிருந்த சட்டை வெந்தயக் கலர். காப்பித் தட்டின் விளிம்பு நீலம். ஜமக்காளத்தில் சிவப்பும் கறுப்புமாகக் கோடு, அதில் ஒரு கோடு சாயம் போனது. திரை விலகுகிறது. கொலுசுச் சத்தம் கேட்கிறது. அவள் வருகிறாள். அங்கே படம் நின்றுபோகிறது. எத்தனை தடவை ஓட்டினாலும் திரைதான் தெரிகிறது, சேலை தெரியவில்லை.

அந்தக் காலத்தில் பெண் பார்க்கப் போன இடத்தில் யாரும் போட்டோ எடுப்பதில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்களில் இப்போது மிஞ்சியிருப்பது மச்சினி ஞானபூரணம் ஒருத்திதான். அவள் இன்னும் திருவேங்கடத்தில்தான் இருந்தாள். குற்றாலநாதன் கடைக்குப் பின்னால் ஒதுங்கி நின்று போன் போட்டார்.

"ஞானம், உங்க அக்காவ பாக்க நாங்க வந்தோம்லா, அன்னைக்கு அவ என்ன கலர் சேலை கட்டியிருந்தா?"

"அத்தான், நான் அப்ப ரெண்டாங்கிளாஸ் படிச்சேன். எனக்குக் கேசரி மட்டுந்தான் ஞாபகம் இருக்கு."

"கேசரியா? என்ன கலர்?"

"கேசரிக் கலர்தான். என்னத்தான், உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கேன். அக்காட்ட சொல்லிராத."

"எதச் சொல்ல? நீங்க கேசரிக் கலர் கேட்டதையா?" என்று ஞானபூரணம் நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் திருவேங்கடம் ரோட்டில் புதிதாக வந்திருக்கிற நகைக்கடைக்குப் போனார்கள். கண்ணாடிக் கதவு, ஏசி, வாசலில் தொப்பி போட்ட காவலாளி. உள்ளே நுழைந்ததுமே குற்றாலநாதனுக்கு வெறுத்துவிட்டது. மேலே பார்த்தாலும் லைட், கீழே பார்த்தாலும் லைட், கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயும் லைட். டியூப் லைட் ஒரு பொய்யன் என்றால் இங்கே பொய்யர்கள் மாநாடே நடந்துகொண்டிருந்தது.

கல் நகைப் பகுதியில் அனு என்கிற பெண் இருந்தாள். "வாங்க சார், வாங்க மேடம். என்ன ராசி?" என்று ஆரம்பித்தாள்.

"ராசி எதுக்கும்மா? ரோஸ்" என்றார் குற்றாலநாதன்.

"சிம்மத்துக்கு மாணிக்கம் இருக்கு சார், மேஷத்துக்குப் பவளம் இருக்கு. ரோஸ்னு தனியா ராசி இல்லையே சார்."

"நாங்க ராசிக்குப் போட வரலம்மா, சேலைக்குப் போட வந்திருக்கோம்" என்றாள் மீனலோசினி.

"சேலை கொண்டு வந்திருக்கீங்களா மேடம்?"

"கொண்டு வந்திருக்கோம்" என்று சொல்லிவிட்டு மீனலோசினி கணவனுடைய நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். "இங்கன இருக்கு."

அனு அந்த நெற்றியைக் கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்தாள். பிறகு மதுரையிலிருந்து வந்திருந்த கற்களை வெல்வெட் தட்டில் பரப்பினாள். எல்லாமே வெளிர் ரோஸ். ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னாள். மார்கனைட், ரோஸ் குவார்ட்ஸ், டூர்மலின், பிங்க் சஃபையர்.

"மருந்துக்கடையில கேக்குற மாதிரி இருக்கு" என்றார் குற்றாலநாதன்.

மனம் எவ்வளவு கலங்கியிருந்தாலும் கண் தன் வேலையைச் செய்தது. ரோஸ் குவார்ட்ஸில் பால் விட்டிருந்தது. மார்கனைட்டில் கொஞ்சம் காவி கலந்திருந்தது. டூர்மலின் பஞ்சுமிட்டாய்ப் பக்கம் சாய்ந்தது. சஃபையர் லேசாக ஊதா. மீனலோசினி ஒவ்வொரு கல்லையும் எடுத்துத் தோளில், முந்தி விழுகிற இடத்தில் வைத்துக் காட்டினாள். "இதா? இதா? அன்னைக்கு இப்படித்தான் இருந்துச்சா?" அவள் கண்ணில் சோதனை எதுவும் இருக்கிற மாதிரித் தெரியவில்லை. ஆசைதான் தெரிந்தது. அது அவரை இன்னும் பயமுறுத்தியது.

"பொறுட்டி" என்றார். நெற்றியில் வேர்த்தது. கைக்குட்டை இல்லை, அதை அவர் விற்பதும் இல்லை, வைத்துக்கொள்வதும் இல்லை. "லைட்டு பொய் சொல்லும். வெளிச்சத்துல பாக்கணும்."

இந்த வார்த்தை வாயிலிருந்து வந்துவிட்டால் அவர் கால் தானாகவே நடக்கும். இத்தனை வருஷப் பழக்கம் அது. இரண்டு விரலில் அந்த சஃபையரைப் பிடித்துக்கொண்டார், திரும்பினார், நடந்தார். மற்ற கையில் இல்லாத சேலை முந்தியைப் பிடித்திருக்கிற மாதிரி தூக்கி வைத்துக்கொண்டார். அனு, "சார்..." என்றாள். வாசலில் இருந்த காவலாளி பேச்சி, இளையரசனேந்தலிலிருந்து வருகிறவர், பெரிய மனுஷர் ஒருவர் வாங்கி முடித்துவிட்டுப் போகிறார் என்று நினைத்து எழுந்து, சல்யூட் அடித்து, கதவையும் திறந்து விட்டார்.

குற்றாலநாதன் படியிறங்கி நடுரோட்டில் போய் நின்றார். நல்ல வெயில். கல்லை உயர்த்திப் பிடித்தார். உள்ளே ஊதாவாக இருந்த கல் வெளியே வெளுத்துத் தண்ணீராக இருந்தது. சும்மாவா சொன்னேன், லைட்டு பொய் சொல்லும் என்று அவருக்கு ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது. அதோடு இதை எதற்கு மேட்ச் பார்ப்பது என்ற கேள்வியும் வந்தது. அந்தப் பக்கமாக ஒரு பெண் ரோஸ் சேலையில் போனாள். அவள் பின்னாலேயே நாலு எட்டு போய்ப் பார்த்தார். தாமரை. சரிப்படாது. ஒரு வீட்டுச் சுவர் ரோஸாகத் தெரிந்தது, அதை நோக்கி இன்னும் கொஞ்சம் நடந்தார்.

பின்னால் மணி அடித்தது. கடைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "கல்ல தூக்கிட்டுப் போறாரு! பிடிங்க!"

சல்யூட் அடித்த பேச்சிக்கு அதைக் கேட்டதும் உயிரே போய்விட்டது. தொப்பி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கமாக ஓடி வந்து குற்றாலநாதனைச் சட்டையோடு சேர்த்துப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார்.

"நில்லும் வே! ஓடாதேயும்!"

குற்றாலநாதன் ஓடவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தார். கல்லிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அந்தப் பக்கம் தள்ளி நில்லும் வே. நிழல் விழுது" என்றார்.

பேச்சி ஒரு கணம் தள்ளியும் நின்றுவிட்டார், பிடியை மட்டும் விடவில்லை. அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. பஸ் நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு அம்மாள் முன்னால் வந்தாள். ஆவுடையம்மாள், கடைக்கு வாடிக்கை.

"அண்ணாச்சி, நல்லதாப் போச்சு, இங்கனயே பாத்துட்டேன். என் அரக்குக் கலர் துணி வந்துட்டா?"

"புதன்கிழமை வா தாயி" என்றார் குற்றாலநாதன், கட்டிப் பிடிக்கப்பட்ட நிலையிலேயே.

கடை மேனேஜர் ராம்சங்கர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். அவர் மனைவிக்கே ஜாக்கெட் துணி இந்த அண்ணாச்சி கடையில்தான். ஆளைப் பார்த்ததும் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றார். "அண்ணாச்சி, இது ஜாக்கெட் பிட்டு இல்ல அண்ணாச்சி, சஃபையரு. இப்படி வெளிய கொண்டாரக் கூடாது."

"வெளிய கொண்டாராம எப்படி வே கலர் பாக்க?" என்று குற்றாலநாதன் உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார். அப்போதுதான் தன்னைச் சுற்றியிருந்த கூட்டமும், சட்டையைப் பிடித்திருந்த கையும், ராம்சங்கரின் முகமும் அவருக்குப் புரிந்தது. காது சிவந்தது. அதுவும் ஒரு நல்ல ரோஸ்தான், பார்க்க அவருக்கு வசதியில்லை.

மீனலோசினி படியிறங்கி வந்தாள். பள்ளிக்கூடத்துக் குரலை அவர் தெருவில் கேட்டது அன்றைக்குத்தான்.

"கைய எடும் வே! யாரத் திருடன்னு சொல்லுதீய? அவுக கலர் பாக்காவ! என்னைய பொண்ணு பாக்க வந்தன்னைக்கு நான் கட்டியிருந்த சேலைக் கலர இத்தனை வருசம் மனசுல வச்சிருந்து, அதே கலர்ல எனக்குக் கல்லு தேடுதாவ! உங்க வீட்ல ஒருத்தனாவது பொண்டாட்டி சேலைய ஞாபகம் வச்சிருக்கியளா?"

பேச்சி கையை எடுத்தார். பஸ்ஸில் ஒரு பெண் தன் பக்கத்தில் இருந்த கணவனைத் திரும்பிப் பார்த்தாள், அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். ஆவுடையம்மாள் முந்தியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாச்சா இப்படி வாய்க்கணும்" என்றாள். ராம்சங்கர், "மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி, தெரியாமப் போச்சு" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, குலுக்குகிற சாக்கில் கல்லையும் பத்திரமாக எடுத்துக்கொண்டார்.

திருடன் என்று பெயர் வாங்கியிருந்தால்கூடக் குற்றாலநாதன் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அனு குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, வேறு தட்டு எடுக்கப் போனாள். மீனலோசினி இன்னும் கோபம் ஆறாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கோபம் முழுக்கத் தனக்காக என்பது அவருக்குத் தெரிந்தது. அதனால்தான் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"மீனா."

"என்ன?"

"எனக்கு அந்தக் கலரு ஞாபகம் இல்ல."

அவள் திரும்பினாள்.

"பொய் சொல்லிட்டேன். அன்னைக்கு வாயில வந்தத சொன்னேன். நானும் எத்தனையோ தடவ யோசிச்சுப் பாத்துட்டேன், ஒண்ணும் வரல. உனக்குத்தான் தெரியுமே. என்ன கலர்னு நீயே சொல்லிரு. கால்ல வேணா விழுதேன்."

மீனலோசினி தட்டில் இருந்த கற்களை விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் ஞாபகம் இல்ல" என்றாள்.

"என்னது?"

"அது எங்க சேலை இல்ல. அம்மா பக்கத்துத் தெருவுல யார்ட்டயோ எரவல் வாங்கியாந்து அவசர அவசரமாக் கட்டிவிட்டா. நீங்க பஸ் ஏறின கையோட அவுத்து மடிச்சுக் கொடுத்துட்டா. நான் சரியாக்கூடப் பாக்கல."

"குனிஞ்ச தலை நிமிராமதானட்டி வந்த? குனிஞ்சா சேலைதான தெரியும்?"

"தட்டத்தான் பாத்தேன். காப்பி சிந்திரக் கூடாதுன்னு."

"பெறகு எதுக்கு என்கிட்ட கேட்ட?"

"தெரிஞ்சுக்கிடத்தான். அம்மாட்ட கேக்கணும் கேக்கணும்னே இருந்தேன், அவளும் போய்ச் சேந்துட்டா. வேற யாருக்குத் தெரியும்? உங்களுக்கு ஊர்க் கலரெல்லாம் ஞாபகம் இருக்கே, இதுவும் இருக்கும்னு நெனச்சேன்." குரல் கொஞ்சம் இறங்கியது. "நீங்க இளம் ரோஸ்னதும் எனக்கு அப்படியே கண்ணுல தெரிஞ்சுச்சு. நான் அந்தச் சேலையில அப்படி நடந்து வாறது. நல்லா இருந்துச்சு."

"அப்ப எனக்குத் தெரியும்னு சொன்னியே?"

"உங்களுக்குக் கலர் பாக்கத் தெரியும்னு எனக்குத் தெரியும்னு சொன்னேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் இருமினார்.

"அன்னைக்கு நீங்க என்னத்தத்தான் பாத்திய?" என்று அவள் கேட்டாள்.

அதற்கு மட்டும் அவரால் உடனே பதில் சொல்ல முடிந்தது. "ஒன் மூஞ்சிய."

"வந்து உக்காந்ததுலேர்ந்தா?"

"ஒரே ஒரு தடவ. பெறகு வேர்த்துட்டு, திரையப் பாத்தேன்."

மீனலோசினி தலையைக் குனிந்துகொண்டாள். தட்டிலிருந்த மார்கனைட்டை எடுத்தாள். அரிசி மூட்டை புரட்டிப் புரட்டிக் காய்த்துப்போன விரல்மேல் வைத்துப் பார்த்தாள். லைட்டுக்குக் கீழே அது வெளிர் ரோஸாக மினுங்கியது.

"இது நல்லா இருக்கா?"

குற்றாலநாதன் பார்த்தார். காவி கலந்திருந்தது. ஒரு நூல் டல்லு. வேறு எவளாவது கேட்டிருந்தால் எழுந்து தெருவுக்குப் போயிருப்பார்.

"சொல்லுங்க. அன்னைக்கு நான் கட்டியிருந்தது இந்தக் கலர்தானா?"

அனு அடுத்த தட்டோடு வந்து நின்றாள். குற்றாலநாதன் கல்லை விட்டுவிட்டு மீனலோசினியை நிமிர்ந்து பார்த்தார். இந்தத் தடவை திரையைத் தேடவில்லை.

"இதேதான்ட்டி" என்றார்.